எழுதி வைக்காத இசை
(குர்மன்காஸி என்ற டோம்பிராக்காரரின் கதை)



இந்த முறை கட்டுரை கொஞ்சம் நீளம். சுவர்ப் பக்கத்தில் நின்றுகொண்டே படிப்பது கால் வலிக்கும் என்று தெரியும். பாதியை இடைவேளையில் படித்துவிட்டு மீதியை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வந்து படித்தாலும் சரி. ஆனா பாதியோடு விட்டுடாதீங்க. ஏன்னா இதில் வருகிற சின்னப் பெண் இரண்டாவது பாதியில்தான் வருகிறாள்.

1993ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி கஜகஸ்தான் நாடு முதன்முதலாகத் தன் சொந்தப் பணத்தை வெளியிட்டது. அதற்குப் பெயர் டெங்கே. அதுவரை அங்கே ரூபிள்தான். சுதந்திரம் அடைந்து இரண்டு வருடம்கூட முழுசாக ஆகாத நாடு. சொந்த நோட்டில் யார் படத்தைப் போடுவது? 1 டெங்கே நோட்டில் அல்-ஃபராபி என்ற பழைய தத்துவ அறிஞர். 20இல் கவிஞர் அபாய். 50இலும் 100இலும் அந்தக் காலத்து அரசர்கள். அங்கே அரசரைக் கான் என்பார்கள். எல்லாம் நாம் எதிர்பார்க்கிற மாதிரிதான் இருக்கிறது, இல்லையா? ஆனால் 5 டெங்கே நோட்டில் இருந்தவர், ஒரு காலத்தில் அரசாங்கம் குதிரைத் திருடன் என்று சொல்லிப் பிடித்துச் சிறையில் போட்ட மனிதர். தப்பி ஓடியவர். இசையைத் தாளில் எழுதத் தெரியாதவர்.

அவர்தான் குர்மன்காஸி. முழுப் பெயர் குர்மன்காஸி சகிர்பாயுலி. சகிர்பாய் என்பது அப்பா பெயர், உலி என்றால் மகன். நம்ம இனிஷியல் மாதிரிதான், பின்னாடி வருகிறது, அவ்வளவுதான்.

அவர் பிறந்த வருடத்தை 1818 என்று ஒரு சாரார் சொல்கிறார்கள், 1823 என்று இன்னொரு சாரார். ஆட்டுப் பட்டியோடு இடம் மாறிக்கொண்டே இருந்த குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் சர்டிபிகேட் கொடுத்தார்கள்! இடம் மட்டும் தெரியும். நில வரைபடப் புத்தகத்தை எடுத்துக் காஸ்பியன் கடலைத் தேடுங்கள். அதன் வடக்கே இரண்டு பெரிய ஆறுகள் வந்து விழும். மேற்கே வோல்கா, கிழக்கே யுரால். அந்த இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் உள்ள புல்வெளிதான் அவருடைய ஊர். புக்கெய் ஓர்டா என்று அந்தப் பகுதிக்குப் பெயர். 1801இல் ரஷ்யச் சக்கரவர்த்தியின் அனுமதியோடு புக்கெய் என்ற தலைவர் தன் மக்களை யுரால் ஆற்றைத் தாண்டி அழைத்து வந்து குடியேற்றியதால் அந்தப் பெயர்.

புல்வெளி என்றதும் பூங்கா மாதிரி நினைக்காதீங்க. மரமே இல்லாமல் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல். இடையிடையே மணல் மேடு. கோடையில் புல் காய்ந்து மஞ்சளாகிவிடும். குளிர்காலத்தில் பனி மூடிவிடும். ஆடு, குதிரை, ஒட்டகம்தான் சொத்து. மேய்ச்சல் நிலம் இருந்தால் பிழைக்கலாம், இல்லாவிட்டால் இல்லை. குர்மன்காஸியின் வீட்டில் சொத்து என்று சொல்ல ஒன்றுமில்லை. சின்ன வயதிலேயே பணக்காரர்களின் ஆடுகளை மேய்க்கப் போனார். அப்போதே டோம்பிராவின் மேல் பைத்தியம். இந்தப் பையன் வாத்தியத்தோடு திரிவதில் அப்பாவுக்கு விருப்பமில்லை, அம்மா அல்காதான் பக்கபலமாக இருந்தார் என்று சொல்வார்கள். (இது எந்த நாட்டிலும் நடக்கிற கதைதானே.)

இங்கே டோம்பிராவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பேரிக்காயைப் பாதியாக வெட்டிய மாதிரி ஒரு மரப்பெட்டி. அதிலிருந்து நீளமாக ஒல்லியாக ஒரு கழுத்து. தந்தி எத்தனை தெரியுமா? இரண்டே இரண்டு. அந்தக் காலத்தில் ஆட்டுக் குடலைத் திரித்துத் தந்தியாகக் கட்டுவார்கள். வீணையில் மெட்டு இருக்கிற மாதிரி இதிலும் உண்டு, ஆனால் பித்தளை கிடையாது. அதே குடல் நரம்பைக் கழுத்தைச் சுற்றிக் கட்டி முடிச்சுப் போட்டிருப்பார்கள். வலது கையில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார்கள், வெறும் விரல்தான். நாட்டின் கிழக்குப் பக்கத்தில் விரல் நுனியால் மெல்லச் சுண்டி வாசிப்பார்கள். அது ஷெர்ட்பே பாணி. மேற்கே, அதாவது குர்மன்காஸி ஊர்ப் பக்கம், மணிக்கட்டை விசிறி இரண்டு தந்தியையும் சேர்த்து அடித்து வாசிப்பார்கள். அதற்கு டோக்பே என்று பெயர்.

இந்த வாத்தியத்தில் வாசிக்கிற இசைக்குக் குய் என்று பெயர். குய் என்பது பாட்டு கிடையாது. வார்த்தையே இருக்காது. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு குய்க்கும் பின்னாலே ஒரு கதை இருக்கும். வாசிக்கப் போகிறவர் முதலில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொல்வார். இது யார் செய்தது, ஏன் செய்தார், அன்றைக்கு என்ன நடந்தது என்று. சொல்லி முடித்த பிறகுதான் தந்தியில் கை வைப்பார். அதனால் ஒரு குய்யைக் கற்றுக்கொள்கிறவர் விரல் வித்தையோடு கதையையும் சேர்த்தே கற்றுக்கொண்டாக வேண்டும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஊருக்கு ஊர் போகிற பெரிய வாத்தியக்காரர்கள் அப்போது நிறைய இருந்தார்கள். அவர்களில் உசாக் என்பவர் சிறுவன் வாசிப்பதைக் கேட்டு, இவனிடம் விஷயம் இருக்கிறது என்று கண்டுகொண்டார். குர்மன்காஸிக்குக் குரு அவர்தான். பதினெட்டு வயதில் ஆடு மேய்க்கிற வேலையை விட்டுவிட்டு டோம்பிராவைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று சொல்கிறார்கள். ஊர் ஊராகப் போவது, பெரியவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்பது, போட்டியில் வாசிப்பது. அதுதான் அவருக்குப் பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம்.

அந்த நேரத்தில்தான் அவருடைய மண்ணில் ஒரு பெரிய கலவரம் மூண்டது. அதன் காரணம் நிலம். காஸ்பியன் கரையோரம் இருந்த நல்ல மேய்ச்சல் நிலம் தூரத்தில் இருந்த ரஷ்யப் பிரபுக்கள் கையில் இருந்தது. வேறு நல்ல நிலம் கானின் சொந்தக்காரர்களிடமும் பணக்காரர்களிடமும் போய்ச் சேர்ந்தது. அப்போது கான் ஜாங்கிர் என்பவர். படித்தவர், ரஷ்ய மொழி தெரிந்தவர், பள்ளிக்கூடம்கூடத் திறந்தவர். ஆனால் வரிமேல் வரி. கடற்கரைப் பக்கத்து மக்களுக்கு அவர் தன் மாமனாரையே அதிகாரியாக வைத்தார். அது எரிகிற தீயில் எண்ணெய். 1836இல் இசதாய் தைமானுலி என்பவர் தலைமையில் மக்கள் எழுந்தார்கள். கூடவே மகம்பெத் என்ற கவிஞர். இரண்டு வருடம் நடந்தது. 1838 ஜூலையில் ரஷ்யப் படையோடு நடந்த சண்டையில் இசதாய் கொல்லப்பட்டார். 1846இல் மகம்பெத்தையும் கொன்றுவிட்டார்கள்.

குர்மன்காஸி அப்போது இளைஞர். அந்த எழுச்சியை மனதில் வைத்து அவர் செய்த குய்தான் அவர் பெயரை முதலில் ஊருக்குச் சொன்னது. அதன் பெயர் ‘கிஷ்கெந்தாய்’. அப்படியென்றால் ‘சின்னது’ என்று அர்த்தம். இவ்வளவு பெரிய விஷயத்துக்குச் சின்னது என்று பெயரா என்று எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால், தோற்றுப்போன ஒரு புரட்சித் தலைவரின் பெயரை வெளிப்படையாக வைத்து ஊர் ஊராக வாசிக்க முடியுமா? வார்த்தை இல்லாத இசையில் ஒரு வசதி உண்டு. கதையை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக்கூடாது என்பது வாசிக்கிறவர் கையில் இருக்கிறது. இது என் சொந்த எண்ணம்தான்.

அதற்குப் பிறகு அவர் வாழ்க்கையில் பாதி, ஓட்டம். பணக்காரர்களோடு தகராறு, அதிகாரிகளோடு தகராறு. குதிரையை ஓட்டிக்கொண்டு போய்விட்டார் என்று வழக்கு. பிடிபடுவார், தப்புவார், மறுபடி பிடிபடுவார். ஓரன்பர்க் நகரத்துச் சிறையில் இருந்திருக்கிறார். இவர் உண்மையில் திருடினாரா என்று கேட்பீர்கள். அந்தப் புல்வெளியில், தனக்கு அநியாயம் செய்தவனின் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போவது ஒரு பழைய வழக்கம். பரிம்தா என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. ஊர்க்காரர்களுக்கு அது நியாயம் கேட்கிற வழி. ரஷ்யச் சட்டத்துக்கு அது வெறும் திருட்டு. ஒரே செயலுக்கு இரண்டு பெயர்.

சிறையையும் அவர் விடவில்லை. ‘துர்மெதென் கஷ்கன்’ என்று ஒரு குய், அதாவது சிறையிலிருந்து தப்பியவன். ‘கிசென் அஷ்கன்’, விலங்கு கழன்றது. ‘எர்தென் கெதெம்’, நாளைக்குக் கிளம்புகிறேன். ஒன்றுக்கு ரஷ்ய மொழியிலேயே, கத்தாதே, சத்தம் போடாதே என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார். காவல்காரன் வாயிலிருந்து கேட்டுக் கேட்டுக் காதில் தங்கிப்போன வார்த்தையாக இருக்கும். இந்தப் பெயர்களை வரிசையாக எழுதி வைத்தாலே அவருடைய டைரி மாதிரி இருக்கிறது, பாருங்களேன்.

இன்னொரு குய் ‘பெரோவ்ஸ்கி மார்ச்’. பெரோவ்ஸ்கி என்பவர் ஓரன்பர்க்கின் கவர்னர். சிறையில் இருந்த இவரை விடுவித்ததால் நன்றியாகச் செய்தது என்று சொல்வார்கள். சிப்பாய்கள் நடக்கிற நடையை இரண்டு தந்தியில் கொண்டுவந்திருக்கிறார். இதே பெரோவ்ஸ்கி பல எழுச்சிகளை அடக்கியவர். தன்னைப் பிடித்த அரசாங்கத்தின் கவர்னருக்கு ஏன் நன்றி சொன்னார் என்று சிலருக்குக் கோபம்கூட வரும். எனக்கு வரவில்லை. சிறைக் கதவைத் திறந்துவிட்டவர் யாராக இருந்தாலும் நன்றி வரத்தானே செய்யும்!

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ‘கைரான் ஷெஷெம்’. என் அருமை அம்மா என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பின்னால் உள்ள கதை இது. குர்மன்காஸியைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். வழியில் வயதான அம்மா வந்து நிற்கிறார். அம்மாவைப் பார்த்ததும் அந்தப் பெரிய மனிதருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அம்மா என்ன செய்தார் தெரியுமா? எல்லார் முன்னாலும் ஓங்கி ஒரு அறை கொடுத்தார். நான் பெற்றது ஆண்மகன் என்று நினைத்தேனே, இப்படி அழுகிறவனையா பெற்றேன் என்று கேட்டார். குர்மன்காஸி உடனே டோம்பிராவை வாங்கி அங்கேயே ஒரு குய் வாசித்தார். இது அப்படியே நடந்ததா, கொஞ்சம் கூட்டிச் சொன்னார்களா என்பது வேறு விஷயம். ஆனால் கதையைக் கேட்ட பிறகு அந்தக் குய்யைக் கேட்டால், அந்த அறை விழுந்த இடம் இதுதானோ என்று காது தேடுகிறது.

அவர் உயிரோடு இருந்தபோதே அவரைப் பற்றி அச்சில் ஒரு குறிப்பு வந்திருக்கிறது. 1868இல் நிகிதா சாவிச்செவ் என்ற யுரால் கொசாக் எழுத்தாளர் அங்கிருந்த ஒரு பத்திரிகையில் எழுதினார். அவர் குர்மன்காஸியை நேரில் சந்தித்து வாசிப்பைக் கேட்டவர். இவர் மட்டும் முறையான பயிற்சி பெற்றிருந்தால் இசை உலகத்தில் முதல் வரிசை நட்சத்திரமாக ஆகியிருப்பார் என்ற அர்த்தத்தில் எழுதினார். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் எனக்கு ஒரு சின்ன வருத்தம். குர்மன்காஸிக்குப் பயிற்சி இல்லையா? உசாக்கிடம் கற்றது, முப்பது வருடம் ஊர் ஊராகப் போய்க் கேட்டது, இதெல்லாம் பயிற்சி கணக்கில் வராதா? நம்ம ஊரில் இதற்குக் கேள்வி ஞானம் என்று மரியாதையாக ஒரு பெயர் வைத்திருக்கிறோம்.

சரி, அந்த இசை எப்படித்தான் இருக்கும்? எழுதிக் காட்டுவது கஷ்டம். முயற்சி செய்கிறேன். குய் டோம்பிராவின் கழுத்தின் மேல் முனையில், கீழ் ஸ்வரங்களில் தொடங்கும். அங்கே ஒரு சின்னத் துண்டு. அதுதான் வீடு. அங்கிருந்து கை கழுத்தின் நடுப் பகுதிக்குப் போகும், சுற்றிப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும். மறுபடி கிளம்பி, இந்த முறை இன்னும் தூரம். கடைசியில் கழுத்து பெட்டியோடு சேருகிற இடம் வரை போய்விடும். அந்த இடத்துக்கு சகா என்று பெயர். ஸ்வரம் உச்சத்தில் இருக்கும், வேகமும் உச்சத்தில் இருக்கும். பிறகு மடமடவென்று இறங்கி வீட்டுக்கு வந்து நின்றுவிடும். புல்வெளியில் குதிரை ஏறிப் போய்த் திரும்பி வருகிற மாதிரி.

‘சாரி அர்கா’ அவருடைய குய்களில் மிகப் பிரபலம். கஜகஸ்தானின் நடுவில் உள்ள பெரிய புல்வெளிக்கு அந்தப் பெயர். மஞ்சள் முதுகு என்று அர்த்தம். கேட்கும்போது குளம்புச் சத்தம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். ‘பல்பிரௌன்’ சந்தோஷமானது, கால் தானாகத் தாளம் போடும். ‘கோபிக் ஷஷ்கன்’ என்றால் நுரை தெறித்தது. காஸ்பியன் கடல் பொங்கிக் கரையோர ஊர்களுக்குள் வந்ததைப் பற்றியது. அதில் இரண்டு தந்தியும் அலை மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழும். ‘அடாய்’ இருக்கிறதே, அது மின்னல். அடாய் என்பது காஸ்பியனின் கிழக்கே மங்கிஸ்தாவ் பக்கம் வாழ்ந்த ஒரு கூட்டத்தாரின் பெயர். அவர்கள் 1870இல் ரஷ்ய அதிகாரத்தை எதிர்த்து எழுந்தவர்கள். எல்லாம் சேர்த்து அவர் செய்ததில் சுமார் அறுபது குய்கள் இன்றைக்கு நம்மிடம் இருக்கின்றன.

இருக்கின்றன என்று சுலபமாக எழுதிவிட்டேன். எப்படி இருக்கின்றன? அதுதான் இந்தக் கட்டுரையே.

குர்மன்காஸிக்கு வயதானபோது வோல்கா ஆறு கடலில் கலக்கிற பகுதியில் குடியேறினார். சிஷ்யர்கள் தேடி வந்தார்கள். மாமென், எர்கலி, மெனெத்தாய் என்று பலர். ஆனால் அவர்களுக்கெல்லாம் முன்னால் நிற்பவள் ஒரு பெண் குழந்தை. பெயர் தீனா. 1861இல் பிறந்தவள். அவளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது குர்மன்காஸி அவள் வாசிப்பைக் கேட்டார். ஊரே நடுங்குகிற பெரிய வாத்தியக்காரர் முன்னால் நான்காம் வகுப்புப் பிள்ளை வயதில் ஒருத்தி உட்கார்ந்து வாசிப்பதை நினைத்துப் பாருங்கள். அவர் அவளை ஆசீர்வதித்தார். வாழ்த்திவிட்டுப் போய்விடவில்லை. திரும்பத் திரும்ப அவள் வீட்டுப் பக்கம் வந்து கற்றுக்கொடுத்தார். பெண் பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று அவர் நினைக்கவில்லை. அம்மாவிடம் அறை வாங்கியவர் அல்லவா, பெண்களின் பலம் தெரிந்திருக்கும்!

1896இல் குர்மன்காஸி இறந்தார். அந்த இசை அவர் சிஷ்யர்களின் விரல்களிலும் தலைக்குள்ளும்தான் இருந்தது. அப்போது தீனாவுக்கு 35 வயது. கல்யாணமாகி, குழந்தைகள் இருந்து, குடும்ப வேலைகளுக்கு நடுவில் வாசித்துக்கொண்டிருந்தார். வெளியே யாருக்கும் தெரியாது.

அடுத்து வந்த நாற்பது வருடத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் உலகப் போர். 1916இல் புல்வெளியில் இன்னொரு எழுச்சி. 1917 புரட்சி. உள்நாட்டுப் போர். எல்லாவற்றிலும் கொடுமை 1930களின் தொடக்கத்தில் வந்த பஞ்சம். அரசாங்கம் ஆடு மாடுகளைப் பிடுங்கிக் கூட்டுப் பண்ணையில் சேர்த்ததால், மேய்ச்சலை நம்பியிருந்த மக்களுக்குச் சாப்பிட ஒன்றுமில்லாமல் போனது. கஜகஸ்தானில் பத்து லட்சம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அவர்களில் எத்தனை டோம்பிராக்காரர்கள் இருந்திருப்பார்கள்? ஒரு வாத்தியக்காரர் இறந்தால் அவருக்கு மட்டுமே தெரிந்த குய்களும் அன்றைக்கே இறந்துவிடும். அவை எத்தனை என்று இப்போது எண்ணவே முடியாது.

அந்த நேரத்தில்தான் அஹ்மெத் ஜுபானோவ் என்ற இளைஞர் அல்மா-அதா நகரத்துக்கு வந்தார். 1906இல் பிறந்தவர். லெனின்கிராட் போய் மேற்கத்திய இசை படித்தவர். சுத்தமாக ஸ்வரக் குறிப்பு எழுதத் தெரிந்தவர். 1934இல் கஜக் வாத்தியங்களை வைத்தே ஒரு ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். கிராமங்களிலிருந்து வாத்தியக்காரர்களை அழைத்து வந்து, அவர்கள் வாசிக்க வாசிக்க எழுத வைத்தார். குர்மன்காஸியின் வாழ்க்கையைப் பற்றித் தேடித் தேடிச் சேகரித்துப் புத்தகமும் எழுதினார். இதைச் செய்த காலத்தை மறக்கக் கூடாது. அவருடைய அண்ணன் குதாய்பெர்கென் மொழி அறிஞர். அவரை 1937இல் கைது செய்து 1938இல் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்த வீட்டில் இருந்துகொண்டுதான் தம்பி ஸ்வரம் எழுதினார். 1950களின் தொடக்கத்தில் அவருக்கும் சிக்கல் வந்தது. பதவி போய் மாஸ்கோவுக்குப் போனார். பிறகு திரும்பி வந்தார்.

அண்ணன் கைதான அதே 1937இல் அல்மா-அதாவுக்கு ஒரு பாட்டி வந்து சேர்ந்தார். வயது 76. தலையில் வெள்ளைத் துணி, கையில் டோம்பிரா. ஆமாம், அந்த ஒன்பது வயதுப் பிள்ளைதான்! தீனா வாசிக்க ஆரம்பித்ததும், குர்மன்காஸியின் கையே எதிரில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்திருக்கும். 1939இல் மாஸ்கோவில் நடந்த வாத்தியப் போட்டியில் இளைஞர்களோடு போட்டியிட்டுப் பரிசு வாங்கினார். 1944இல் தாஷ்கண்ட் நகரத்தில் மத்திய ஆசியக் குடியரசுகள் எல்லாம் கலந்துகொண்ட இசை விழாவில் 83 வயதில் மேடை ஏறினார். அவர் வாசிப்பு ஒலிப்பதிவும் ஆனது. குருவின் குய்களோடு சொந்தமாகவும் பல குய்கள் செய்தார். போர்க் காலத்தில் செய்தது ‘அனா புய்ரிகி’, அதாவது அம்மாவின் கட்டளை. போருக்குப் போகிற மகனிடம் அம்மா பேசுகிற குய் அது. ‘கைரான் ஷெஷெம்’ வாசித்துப் பழகிய கை செய்தது என்று தெரிந்துகொண்டு கேட்கணும். 1955 ஜனவரியில் இறந்தார்.

கணக்கு இவ்வளவுதான். குர்மன்காஸி இறந்த வருடத்துக்கும் தீனா பாட்டி அல்மா-அதாவுக்கு வந்த வருடத்துக்கும் நடுவில் 41 வருடம். அந்த 41 வருடமும் இந்த இசை ஒரு சில மனிதர்களின் ஞாபகத்தில் மட்டுமே உயிரோடு இருந்தது. பஞ்சத்தில் தீனாவும் போயிருந்தால்? மற்ற சிஷ்யர்கள் வழியாகக் கொஞ்சம் வந்திருக்கும். இந்த அளவு வந்திருக்காது.

எழுதி வைத்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. மாமென் வழியில் வந்தவர்கள் ஒரு குய்யை ஒரு மாதிரி வாசிப்பார்கள், தீனா வழியில் இன்னொரு மாதிரி. எது சரி? இரண்டும் குர்மன்காஸியிடம் நேராகக் கற்றவர்கள் வழியில் வந்ததுதான். அவரே அன்றைக்கு ஒரு மாதிரி, இன்றைக்கு ஒரு மாதிரி வாசித்திருப்பார். தாளில் எழுதியதும் அதில் ஒன்றுதான் சரி என்று ஆகிவிடுகிறது. அதேபோல ஆர்க்கெஸ்ட்ரா. ஒற்றை ஆள் மடியில் வைத்து வாசித்ததை ஐம்பது அறுபது பேர் சேர்ந்து வாசிக்கும்போது ‘அடாய்’ புயல் மாதிரி எழுகிறது, மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் ஒற்றை ஆள் முதலில் கதை சொல்லிவிட்டு வாசிப்பாரே, அது மேடையில் போய்விட்டது. வாழ்க்கைக் கதையிலும் இப்படி ஒரு விஷயம் உண்டு. சோவியத் காலத்தில் எழுதிய புத்தகங்களில் அவர் எப்போதும் ஏழைகளின் வீரராக, கானுக்கு எதிரியாகத்தான் வருவார். அப்படி எழுதினால்தான் அச்சில் வரும். அதனால் பெரோவ்ஸ்கி மார்ச் மாதிரி அந்தக் கதைக்குள் ஒட்டாமல் நிற்கிற குய்கள்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

1944இல் ஜுபானோவ் தொடங்கிய ஆர்க்கெஸ்ட்ராவுக்குக் குர்மன்காஸியின் பெயரை வைத்தார்கள். அல்மா-அதாவின் (இப்போது அல்மாத்தி) இசைக் கல்லூரிக்கும் அவர் பெயர்தான். ஸ்வரக் குறிப்பு எழுதத் தெரியாதவர் பெயரில் இசைக் கல்லூரி! சாவிச்செவ் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. 2014இல் யுனெஸ்கோ கஜக் டோம்பிரா குய் கலையை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2018 முதல் ஜூலை மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே டோம்பிரா நாள். அந்த 5 டெங்கே நோட்டு மட்டும் இப்போது செல்லாது, அதற்குப் பதில் நாணயம் வந்துவிட்டது.

அவருடைய சமாதி கஜகஸ்தானில் இல்லை. வோல்கா ஆற்றின் முகத்துவாரத்தில், அஸ்த்ரகான் பகுதியில், அல்தின்ஜார் என்ற ஊர்ப் பக்கம் இருக்கிறது. அது இன்றைக்கு ரஷ்யா. அவர் காலத்தில் அங்கே எல்லைக்கோடு கிடையாது, குதிரையில் போய் வரலாம். 1991க்குப் பிறகு அது வேறு நாடாகிவிட்டது. அவர் இறந்து நூறு வருடம் ஆன 1996இல் அங்கே ஒரு நினைவு மண்டபம் கட்டினார்கள். எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு டோம்பிராவோடு போய் அங்கே வாசித்துவிட்டு வருகிறார்கள்.

கம்ப்யூட்டர் லேபில் நேரம் கிடைத்தால், ஆசிரியரிடம் கேட்டு ‘அடாய்’ போடச் சொல்லுங்கள். முதலில் ஒற்றை டோம்பிராவில் கேளுங்கள், அப்புறம் ஆர்க்கெஸ்ட்ரா. இரண்டாவதாக ‘கைரான் ஷெஷெம்’. அது ஓடும்போது பக்கத்தில் இருக்கிறவரிடம் அறை வாங்கிய கதையை மெதுவாகச் சொல்லிவிட்டு, அந்த இடம் எது என்று நீங்களும் தேடுங்கள். எனக்கு ஒரு இடம் தோன்றுகிறது. என் தோழி அது இல்லை, அதற்குக் கொஞ்சம் முன்னாடி என்கிறாள்.

– ஒன்பதாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு